கப்சாயிலிருந்து பெரிய ஸ்கூட்டருக்கு: மலேசியச் சாலைகளில் முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

கிளட்ச் இல்லை, கியர் இல்லை, அமர்ந்து ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி போகும் என்று சொல்லித்தான் கடைக்காரர் பெரிய ஸ்கூட்டரின் சாவியை நம் கையில் கொடுப்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் கப்சாய் என்று நாம் அழைக்கும், ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள சிறிய மோட்டார் சைக்கிளை இருபது ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர்கூட, 180 கிலோ எடையுள்ள ஸ்கூட்டரை வாங்கிய முதல் வாரத்திலேயே பெட்ரோல் நிலையத்திலோ வீட்டு வாசலிலோ கீழே போட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் வண்டியும் தன் முதல் கீறலை அப்படித்தான் பெற்றது. நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் இந்த வண்டி யாரையும் அச்சுறுத்துவதில்லை. நடக்கும் வேகத்தில்தான் அது தன் எடையைக் காட்டும். ஆகவே இந்தக் கட்டுரையில் வேகத்தைவிட மெதுவைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் உரிமம், பிறகு வண்டி

மலேசியாவில் எந்த ஸ்கூட்டரை வாங்கலாம் என்பதை முதலில் தீர்மானிப்பது பணமன்று. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே வழங்கிய உரிமத்தின் வகுப்பு. நம்மில் பெரும்பாலோரிடம் உள்ள பி2 உரிமம் 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டுமே செல்லும். 500 சிசி வரை ஓட்டுவதற்கு பி1 வகுப்பும், அதற்கு மேலானவற்றுக்கு முழு பி வகுப்பும் தேவை. பி2 உரிமத்தை வைத்துக்கொண்டு 330 சிசி இயந்திரம் கொண்ட ஹோண்டா ஃபோர்சா 350-ஐ ஓட்டுபவர் பிடிபட்டால் அபராதத்தோடு தப்பலாம். விபத்தில் சிக்கினால், வகுப்புக்கு மீறிய வண்டியை ஓட்டினார் என்பதையே காரணமாகக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்துவிடலாம். முன்பணம் கட்டும் முன் உரிமத்தை எடுத்து வகுப்பைப் பார்த்துவிடுங்கள்.

பல நாடுகளில் 292 சிசி இயந்திரத்துடன் எக்ஸ்மேக்ஸ் 300 என்ற பெயரில் விற்கப்படும் யமஹா ஸ்கூட்டர், மலேசியாவில் 250 சிசி வடிவில் விற்கப்படுகிறது. அது பி2 எல்லைக்குள் சரியாக வந்து அமர்வது தற்செயலன்று என்றே நினைக்கிறேன். சாலை வரியிலும் இந்த எல்லைகள் தெரியும்: 150 சிசி வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்), 201 முதல் 250 சிசி வரை 50 வெள்ளி, 251 முதல் 500 சிசி வரை 100 வெள்ளி. வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் இவை சிறிய தொகைகளே; சாலை வரிக்காக எவரும் சிறிய வண்டியை வாங்க வேண்டியதில்லை.

என் கருத்தைக் கேட்டால், பெரிய ஸ்கூட்டருக்குப் புதியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு 250 சிசியே போதும். அது நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான 110-ஐத் திணறாமல் எட்டும். நகரத்து நெரிசலில் கையை ஒடிக்காது. 562 சிசி யமஹா டிமேக்ஸ் 220 கிலோவை நெருங்குகிறது. 745 சிசி ஹோண்டா எக்ஸ்-ஏடிவி அதையும் தாண்டுகிறது. அவை அருமையான வண்டிகள்தாம். ஆயினும் தினமும் அடுக்குமாடி வீட்டின் வாகன நிறுத்துமிடத்தில், இரு தூண்களுக்கு நடுவில், அவற்றைப் பின்னோக்கித் தள்ளி எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். அதேபோல் 155, 160 சிசி ஸ்கூட்டர்களையும் தாழ்வாக எண்ண வேண்டாம். மாதத்தில் ஒருமுறை மட்டுமே நெடுஞ்சாலைக்குப் போகிறவருக்கு அவை அறிவார்ந்த தேர்வு.

250 சிசி ஸ்கூட்டருக்கும் டிமேக்ஸ் போன்ற பெரிய வண்டிக்கும் இடையில் எடை தவிர இன்னொரு வேறுபாடும் உண்டு. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இயந்திரமும் பின்சக்கரமும் ஒரே தொகுதியாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், சக்கரம் குழியில் இறங்கும்போது இயந்திரத்தின் எடையும் சேர்ந்தே மேலும் கீழும் ஆடுகிறது. 2001-இல் 500 சிசியாக அறிமுகமான டிமேக்ஸ், இயந்திரத்தை மோட்டார் சைக்கிளைப்போல் சட்டத்தோடு பொருத்தியதன் மூலம் இந்தக் குறையைத் தீர்த்தது. 250 சிசி ஸ்கூட்டரில் வேகத்தடையைக் கடக்கும்போது முதுகில் விழும் அடி பழுதன்று; அந்த வடிவமைப்பின் இயல்பு. சோதனை ஓட்டத்தில் இதை உணர்ந்து கொண்டால் பிறகு ஏமாற்றம் இராது.

கடையில் பார்க்க வேண்டியவை

இருக்கையின் உயரத்தை விளம்பரத்தாளில் படித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். எக்ஸ்மேக்ஸின் இருக்கை 795 மில்லிமீட்டர் உயரமுடையது. எண்ணாகப் பார்த்தால் மிதமானதே. ஆனால் பெரிய ஸ்கூட்டரின் இருக்கை அகலமானது. தொடைகள் விரிந்து நிற்பதால் அதே உயரமுள்ள மோட்டார் சைக்கிளில் தரையைத் தொடும் கால், இதில் விரல் நுனியில் நிற்கக்கூடும். நீங்கள் அன்றாடம் அணியும் காலணியோடு போய், வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இருபுறமும் சற்றே சாய்த்துப் பாருங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டை நீங்களே ஒருமுறை போடுங்கள். அது கையின் பலத்தால் நடப்பதன்று: ஸ்டாண்டின் இரு கால்களும் தரையைத் தொட்டதை உறுதி செய்து, உடலின் எடை முழுவதையும் வலது காலில் இறக்கினால் வண்டி தானாகவே ஏறும். விற்பனையாளர் ஓடிவந்து உதவ முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். வீட்டில் அவர் இருக்கமாட்டார்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இரு சக்கரங்களுக்கும் உண்டா என்று கேளுங்கள். இருக்கைக்கு அடியில் உங்கள் தலைக்கவசம் உண்மையிலேயே அடங்குகிறதா என்று வைத்துப் பாருங்கள். புதிய 250 சிசி வண்டியின் விலை 20,000 வெள்ளியைத் தாண்டுவதால் முழுமைக் காப்பீடு எடுப்பதே முறை. அப்படி எடுக்கும்போது வெள்ளச் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பையும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். சாதாரண முழுமைக் காப்பீட்டில் அது தானாக வந்துவிடாது. 2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது வண்டியை இழந்தவர்கள் இந்த ஒற்றை வரியின் விலையை அறிவார்கள்.

பழைய வண்டி வாங்குவோர் ஒரு கேள்வியை மறக்கக்கூடாது: இயந்திரத்தின் ஆற்றலைப் பின்னால் கொண்டுசெல்லும் பெல்ட் எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றப்பட்டது? விற்பவர் தயங்கினால், மாற்றப்படவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

மெதுவாக ஓட்டக் கற்றல்

இந்த வண்டியில் கிளட்ச் இல்லை என்பது பேச்சுவழக்கு. உண்மையில் கிளட்ச் உண்டு. அது நம் கையில் இல்லை, அவ்வளவுதான். இயந்திரத்தின் ஆற்றல் முன்புறக் கப்பியிலிருந்து ரப்பர் பெல்ட் வழியாகப் பின்புறக் கப்பிக்குச் செல்கிறது. முன்கப்பிக்குள் இருக்கும் உருளைகள் சுழற்சி வேகத்துக்கேற்ப வெளிநோக்கி நகர்ந்து கப்பியை நெருக்குவதால், பெல்ட் ஏறி இறங்கிக் கியர் விகிதம் தானாக மாறுகிறது. பின்புறத்தில் உள்ள கிளட்ச், சுழற்சி ஓரளவு கூடியதும் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. சுழற்சி குறைந்ததும் விட்டுவிடுகிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குறுகலான இடத்தில் வண்டியைத் திருப்பும்போது அச்சத்தில் ஆக்சிலேட்டரை முழுவதும் மூடினால், அந்தக் கணத்தில் கிளட்ச் விட்டுவிடும். வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்த இழுவிசை மறைந்து, 180 கிலோவும் திரும்பிய பக்கம் சாயத் தொடங்கும். அதே நேரத்தில் வலது கை முன்பிரேக்கையும் பிடித்துவிட்டால் முடிந்தது கதை. நான் வண்டியைப் போட்டது இப்படித்தான்: ஹேண்டிலை முழுதாக ஒடித்த நிலையில், பெட்ரோல் நிலையத்தின் சிறு சரிவில், முன்பிரேக்கை ஒரே ஒருமுறை அழுத்தினேன்.

மருந்து எளியது. ஆக்சிலேட்டரைச் சற்றே திறந்து கிளட்ச் பிடித்த நிலையிலேயே வைத்துக்கொண்டு, வேகத்தை இடது கையில் உள்ள பின்பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். இயந்திரம் இழுக்க, பின்பிரேக் தடுக்க, இரண்டுக்கும் நடுவில் வண்டி விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். கப்சாயிலிருந்து வருபவருக்கு இது புதிதாகத் தோன்றும்; அங்கே பின்பிரேக் வலது காலில் இருந்தது, இடது கைக்கு வேலையே இல்லை. கிளட்ச் உள்ள மோட்டார் சைக்கிளிலிருந்து வருபவருக்கோ வேறோர் ஆபத்து உண்டு: பழக்கத்தில் இடது பிடியைக் கிளட்ச் என்று நினைத்து முழுவதும் இழுப்பார், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

ஞாயிறு காலையில் காலியாக இருக்கும் ஒரு பெரிய வாகன நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டிகள் ஆறு போதும். முதலில் நேர்கோட்டில் நடக்கும் வேகத்துக்கும் குறைவாகக் காலை ஊன்றாமல் செல்லுங்கள். பிறகு புட்டிகளை நான்கு மீட்டர் இடைவெளியில் வைத்து வளைந்து வளைந்து செல்லுங்கள். அதன்பின் எட்டு வடிவம். கடைசியாக முழுத் திருப்பம். திருப்பத்தில் கண் தரையைப் பார்த்தால் வண்டியும் தரைக்கே போகும். முகவாயைத் தோளுக்கு மேலே திருப்பி, நீங்கள் போய்ச்சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். இவை சரளமானபின் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திப் பழகுங்கள். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பிடியில் ஏற்படும் அதிர்வை முதன்முதலாக உணர வேண்டிய இடம் இந்தத் திடல்தான். லாரியின் பின்புறம் அன்று. மூன்று காலைகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று ஒதுக்கினால் போதும்.

வண்டியை இறங்கித் தள்ளும்போது இயந்திரத்தைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். ஓடும் இயந்திரத்தோடு தள்ளுபவரின் கை தவறி ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுவதும், வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு சுவரில் மோதுவதும் அரிதல்ல. நிறுத்துவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மோட்டார் சைக்கிளை முதல் கியரில் போட்டு நிறுத்தினால் சரிவிலும் அசையாது. ஸ்கூட்டரை எதுவும் பிடித்து வைக்காது. சரிவில் முன்சக்கரம் மேட்டை நோக்கியிருக்கும்படி நிறுத்துங்கள். சில வண்டிகளில் உள்ள நிறுத்தப் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். முடிந்தால் சென்டர் ஸ்டாண்டே நல்லது.

விழுந்த வண்டியைத் தூக்குவதற்கும் முறை உண்டு. முதலில் இயந்திரத்தை அணைக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள். இல்லையென்றால் நிமிர்த்திய வேகத்தில் மறுபக்கம் போய்விழும். பிறகு முதுகை இருக்கையில் சாய்த்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்பிடியையும் பற்றி, முதுகை வளைக்காமல் கால்களால் உந்திப் பின்னோக்கி நடந்து நிமிர்த்துங்கள்.

அன்றாடப் பயணம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலைக்குச் செல்பவர் முதல் மாதம் கார்களுக்கு இடையே புகுந்து செல்வதைத் தவிர்ப்பது நல்லது. கண்ணாடிகளோடு சேர்த்து உங்கள் வண்டி எவ்வளவு அகலம் என்பது உடலுக்குப் பழக நாளாகும். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதை 1970களிலிருந்து இருந்துவருவது. கார்களிடமிருந்து காக்கும் அந்தப் பாதை, அகலத்தையும் வளைவுகளையும் பொறுத்தவரை கப்சாய்க் காலத்துக்கானது. அதில் 60-ஐத் தாண்டாமல், சுரங்கப்பாதை வளைவுகளில் எதிர்பாராத தண்ணீரும் மணலும் இருக்கும் என்ற எண்ணத்தோடு செல்லுங்கள். டோல் சாவடிகளில் மோட்டார் சைக்கிள்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இடது ஓரத்தில் விடப்பட்டிருக்கும் ஒதுக்குப் பாதை பல இடங்களில் குறுகலானது, திடீரென ஒடிவது. பக்கப் பெட்டிகள் மாட்டியவர்கள் அங்கே பெட்டியின் அகலத்தை நினைவில் வைக்க வேண்டும். கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதியில்லை. வழிகாட்டிச் செயலியை மோட்டார் சைக்கிளுக்கு மாற்றி வைத்துவிட்டால் அது உங்களை அங்கே அழைத்துச் செல்லாது.

மாலை மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய ஸ்கூட்டரின் முன்புறத் தகடு முழங்கால்வரை காக்கும் என்பதால் மழை அங்கியை எடுப்பதைத் தள்ளிப்போடும் பழக்கம் வரும், அதை வளரவிடாதீர்கள். மழை தொடங்கிய முதல் கால் மணி நேரத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்கும் சாலையே மிகவும் வழுக்கும். வெள்ளைக் கோடுகளும் பாலத்தின் இரும்பு இணைப்புகளும் 14, 15 அங்குலச் சக்கரத்தைப் பெரிய சக்கரத்தைவிட அதிகமாக அலைக்கழிக்கும். நெடுஞ்சாலை மேம்பாலங்களின் கீழ் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கெனத் தடுப்புடன் அமைக்கப்பட்ட ஒதுங்கிடங்கள் உண்டு, அவற்றில் நில்லுங்கள். தடுப்பில்லாத மேம்பாலத்தின் அடியில், அவசரப் பாதையிலேயே வரிசையாக நிற்கும் கூட்டத்தோடு ஒருபோதும் சேராதீர்கள்.

தேங்கிய நீர் சக்கரத்தின் அச்சு உயரத்தை எட்டுமானால் திரும்பிவிடுங்கள். பெல்ட் இருக்கும் பெட்டிக்குக் காற்று உறிஞ்சும் வழி உண்டு. அதன் வழியே நீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும், இயந்திரம் அலறும், வண்டி நகராது. அணைந்த வண்டியைக் கப்சாயைப்போல் தள்ளிக் கிளப்பவும் முடியாது. உதைத்துக் கிளப்பும் வசதி பெரும்பாலும் கிடையாது என்பதால் பேட்டரி செத்தாலும் இதே நிலைதான். தொலைவிலிருந்து இயங்கும் சாவியின் பட்டன் பேட்டரி ஒன்றை இருக்கைக்கு அடியில் எப்போதும் வைத்திருங்கள். சில வெள்ளிப் பொருள், ஒரு பயணத்தையே காப்பாற்றும்.

முதல் நெடும்பயணம்

வாங்கிய மறுவாரமே பினாங்குக்குக் கிளம்பும் ஆசை எல்லோருக்கும் வரும். படிப்படியாகப் போங்கள். கோலாலம்பூரில் இருப்பவருக்கு முதல் பயணம் கோல சிலாங்கூர் அல்லது போர்ட்டிக்சன். காலையில் போய் மாலையில் திரும்பலாம். அடுத்தது ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போ, ஓரிரவு தங்கலோடு. அதன்பிறகுதான் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பினாங்கு. காராக் நெடுஞ்சாலையை இந்த வரிசையில் சேர்க்காததற்குக் காரணம் அதன் செங்குத்தான இறக்கங்களும் கனரக வாகனங்களும். அது இரண்டாம் ஆண்டுக்கு.

புக்கிட் காயூ ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாருவரை 772 கிலோமீட்டர் நீளும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இடது தடத்தில் 90 முதல் 100 வரையிலான வேகமே இந்த வண்டிக்கு இனிமையானது. அவசரப் பாதையில் ஓட்டும் பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது சட்டப்படி குற்றம், தவிர ஆணியும் கிழிந்த டயர்த் துண்டும் அங்கேதான் கிடக்கும். லாரியைக் கடக்கும்போது அதன் முன்முனையைத் தாண்டும் கணத்தில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் தோள்களைத் தளர்த்தி வைத்திருந்தால் வண்டி தானே நேராகிவிடும்.

சுமையைப் பற்றி. கனமானவை எல்லாம் இருக்கைக்கு அடியில், இலேசானவை பின்பெட்டியில். நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்; பின்பெட்டியில் தண்ணீர்ப் புட்டிகளையும் கருவிகளையும் திணித்துவிட்டு, 100-ஐத் தாண்டியதும் ஹேண்டில் ஆடுகிறதே என்று மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் எடை, நெம்புகோலைப்போல் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கிறது. ஆட்டத்துக்கு அதுவே காரணம். பின்னால் ஒருவர் அமர்வதாக இருந்தால், வண்டியில் ஒட்டியுள்ள அட்டவணையில் இருவருக்கெனக் குறித்துள்ள அளவுக்குக் காற்றை நிரப்புங்கள்.

எக்ஸ்மேக்ஸின் 13 லிட்டர்த் தொட்டி, லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று என் கணக்கில் வருவதால், பினாங்குவரை ஒரே நிரப்பலில் போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். பெட்ரோல் தீராவிட்டாலும் கவனம் தீர்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். தாப்பா, சுங்கை பேராக் ஓய்விடங்கள் வடக்கே போகிறவருக்கு வசதியானவை. மலைகளைத் துளைத்துச் செல்லும் மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய பகுதியில் மழையும் பக்கக்காற்றும் சேர்ந்துகொள்வது வழக்கம் என்பதால் அங்கே முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள்.

கேமரன் மலைக்கு முதன்முறை போகிறவர்கள் தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக ஏறும் பழைய பாதையைவிட, சிம்பாங் பூலாய்ப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். அது அகலமானது, வளைவுகளும் பெரியவை. ஏறுவது கடினமன்று, இறங்குவதுதான் பாடம். ஸ்கூட்டரில் கியரைக் குறைத்து இயந்திரத்தால் வேகத்தைத் தடுக்க முடியாது. ஓரளவு தடுப்பு இருந்தாலும், வேகம் மிகக் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடுவதால் கூர்மையான வளைவுக்குள் நுழையும் தருணத்தில் வண்டி திடீரென விடுபட்டதுபோல் உருளும். அந்தத் தருணத்துக்கு முன்பே ஆக்சிலேட்டரை இழையளவு திறந்து கிளட்சைப் பிடிக்கவைத்து, பின்பிரேக்கோடு வளைவைக் கடக்க வேண்டும். ஞாயிறு காலையில் புட்டிகளுக்கு நடுவே கற்றது இதைத்தான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து உரசவிடாமல், அழுத்திக் குறைத்து விட்டு, மீண்டும் அழுத்துங்கள். பிடி வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போவதாகத் தோன்றினால் பிரேக் சூடேறிவிட்டது. ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

பட்டறைக் கணக்கு

இயந்திர எண்ணெயை எல்லோரும் நேரத்துக்கு மாற்றுகிறார்கள். பின்சக்கரத்தின் கியர் எண்ணெயைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பெல்ட்டை மாற்றும் கெடு பல வண்டிகளில் 20,000 கிலோமீட்டரை ஒட்டி அமைகிறது. உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும். அறுந்த பெல்ட் எச்சரிக்கை கொடுக்காது. வேகத் தடத்தில் செல்லும்போது இயந்திரம் மட்டும் சுழல, வண்டி கார்களின் நடுவே நின்றுபோகும். பெல்ட்டோடு உருளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். வட்டமாக இருக்க வேண்டிய அவை ஒருபுறம் தட்டையாகியிருந்தால், கிளம்பும்போது அதிர்வும் மேட்டில் சோர்வும் தோன்றும். மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, இருக்கை மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை எந்தப் பட்டறையில் வண்டியைத் திறந்தாலும் மெக்கானிக்கின் கண்ணில் முதலில் படுவது அதுதான்.